மூச்செடுப்பது யார்?

வாழைச்சேனை ஆட்களின் வயல்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இல்லை. பெரும்போகம் தொடங்கினால் ஆண்கள் புணானைப் பக்கமும் கிரான் பக்கமும் போய் வயல் வாடியிலேயே தங்கிவிடுவார்கள். யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கவேண்டும். பகல் முழுக்க வேலை. இரவு வாடித் தரையில் பாயைப் போட்டதும் நித்திரை. அந்த நித்திரையில்தான் எண்ணெய் விரியன் பாம்பு வரும். கடித்தது பெரும்பாலும் தெரியாது. வீக்கம் இராது, இரத்தம் இராது, பலருக்கு வலிகூட இராது. சாமத்தில் வயிற்றுவலியோடு எழும்புவார்கள். விடியும்போது கண்மடல் பாரமாகும், பேச்சுக் குழறும், பாயிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகும். அதற்குப் பிறகு மூச்சு.

பேத்தாழையில் பிறந்து, காகித ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகளாக வளர்ந்து, தாதியானவள் நான். முதலில் ஊருக்குப் பக்கத்திலும் பிறகு மட்டக்களப்பில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலும் வேலை செய்து ஓய்வு பெற்றேன். மூச்சைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசியை எண்ணெய் விரியன் கடித்தவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர்களைப் பார்த்துப் படித்தது, இருபது வருடத்துக்குப் பிறகு கொவிட் நோயாளர்களுக்கும் உதவியது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று பல காலமாக நினைத்திருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலம் யுத்தகாலம். மூச்சுக்கு மெசின் தேவைப்படுகிறவர்களை அம்பியுலன்ஸில் ஏற்றி மட்டக்களப்புக்கு அனுப்புவோம். முப்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பாதையில் எத்தனை சோதனைச்சாவடி மறிக்கும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவ்வளவு நேரமும் நோயாளியின் வாயில் ரியூப் போட்டு, அம்பு பேக் என்ற காற்றுப்பையைக் கையால் அமுக்கிக்கொண்டு போகவேண்டும். எனக்கு மூத்த ஆண் தாதி ஒருவர் ஒரு பயணத்தில் என் கைக்கு மேல் தன் கையை வைத்துச் சொன்னார்: "சும்மா அமுக்காத தங்கச்சி. பேக்க விட்டுட்டு ஒரு கணம் பொறு. அவர் தானா இழுத்தா உன்ட கைக்குத் தெரியும்." அவர் சொன்னது சரி. நோயாளி தானாகக் காற்றை இழுக்கும்போது பேக் கைக்குள் கொஞ்சம் இளகும். அந்த இளக்கத்தோடு சேர்த்து அமுக்கினால் காற்று இலேசாகப் போகும். எதிர்த்து அமுக்கினால் கை இடிக்கும். ஒருவருடைய மூச்சு முயற்சியை நான் முதன்முதலாக அளந்தது என் உள்ளங்கையால்தான்.

உலகத்துக்கும் இந்தப் பாடம் கையால்தான் தொடங்கியது. 1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது, மூச்சுத்தசை செயலிழந்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர் அவர்களின் தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, பையால் காற்றடிக்கலாம் என்று காட்டினார். அடிப்பதற்கு மெசின் இல்லை. ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு, இரவு பகலாக, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கையால் அடித்தார்கள். பத்தில் எட்டுப்பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த நோயில் இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்று உலகம் முழுவதும் இருக்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்து வளர்ந்தவை. சில வருடங்களில் அதே நாட்டில்தான் அம்பு பேக்கும் உருவானது.

மட்டக்களப்புக்கு மாறி வந்த பிறகு, ஓட்டமாவடியைச் சேர்ந்த பொடியன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். புணானைப் பக்கம் காவலுக்குப் போனவன். விஷமுறிவு ஊசி ஏற்றியாயிற்று, வென்டிலேட்டரும் போட்டாயிற்று. ஆனால் மறுநாள் அவனில் அசைவென்று ஒன்றும் இல்லை. விரல் அசையவில்லை. கண் திறக்கவில்லை. மடலைத் தூக்கி வெளிச்சம் அடித்தால் கண்மணி பெரிதாக விரிந்தபடியே நின்றது. வந்து பார்த்த சொந்தக்காரர் ஒருவர் வெளியே போய், மூளை செத்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அவனுடைய உம்மா என்னிடம் வந்தா. அழவில்லை. கட்டிலைக் காட்டிக் கேட்டா: "மிஸ், மறைக்காமச் சொல்லுங்க. மூச்செடுக்கது என்ட மகனா, இந்த மெசினா?"

அதைவிடச் சரியான கேள்வியை எந்த மருத்துவரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு நெல்மூடையை இரண்டு பேர் பிடித்துத் தூக்கிப்போகும்போது, பாரத்தில் எவ்வளவை யார் சுமக்கிறார் என்று தூரத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. மூடை போய்ச்சேர்வதுதான் தெரியும். வென்டிலேட்டரும் நோயாளியும் அப்படித்தான். திரையில் தெரியும் காற்றின் அளவு இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை. அதில் நோயாளியின் பங்கைத் தனியாகப் பிரித்து அளக்கவேண்டும்.

எங்கள் மயக்கமருந்து வைத்திய நிபுணர் அதைச் செய்துகாட்டினார். நோயாளி மூச்சை வெளியே விட்டு முடித்த கணத்தில், காற்று உள்ளே போகும் வழியையும் வெளியே வரும் வழியையும் மெசின் ஒன்றாக அடைக்கும்படி ஒரு பொத்தானை அமர்த்த வேண்டும். காற்று வராது. அந்த நேரம் நோயாளி மூச்சை இழுக்க முயன்றால் குழாயில் அமுக்கம் கீழே இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு அவரது முயற்சி. பழைய வென்டிலேட்டரில் அதை ஊசி காட்டும், புதியதில் கோடு காட்டும். அந்தப் பொடியனுக்கு ஊசி அசையவே இல்லை. டொக்டர் எங்கள் பக்கம் திரும்பி, "எண்ணெய் விரியன் விஷம் நரம்பு தசையைத் தொடும் இடத்தைத்தான் கெடுக்கும். கண்மணியையும் கட்டிப்போடும். மூளைக்குள் போகாது. இவருக்கு எல்லாம் கேட்கும். பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டு வேலை செய்யுங்கள்" என்றார்.

இது எங்கள் நாட்டில் நன்கு ஆராயப்பட்ட விஷயம். அநுராதபுரத்தில் 1996 முதல் 1998 வரை எண்ணெய் விரியன் கடித்து வந்த 210 பேரை வைத்திய நிபுணர் எஸ். ஏ. எம். குலரத்ன தொடர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மூச்சுத்தசை செயலிழந்தது. இந்த விஷத்தின் கொடுமை, அது நரம்பு நுனியையே சேதப்படுத்துவது. சேதம் நடந்த பிறகு விஷமுறிவு ஊசி அதைத் திருப்பித் தராது. நரம்பு நுனி புதிதாக வளரவேண்டும். அதற்கு நாட்கள் எடுக்கும், சிலருக்கு வாரங்கள் எடுக்கும். அதுவரை மெசின் மூச்சைக் கொடுத்தால் போதும், ஆள் பெரும்பாலும் முழுதாக எழும்பி வருவார். ஆகவே, அசைவில்லை என்பதைக் கண்டு கைவிடக்கூடாத நோய் இது. இந்த ஒன்றை மட்டுமாவது எங்கள் பகுதி மக்கள் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையில் வரும்போதும் அவனுக்குக் கிட்ட நின்று, "இழுங்க தம்பி, இழுங்க" என்று சொல்லி அந்தப் பொத்தானை அமர்த்துவோம். சில நாட்களின் பின் ஒரு விடியப்புறம் ஊசி அசைந்தது. ஒரு சென்ரிமீற்றர் நீர் அமுக்கம்தான் இருக்கும். நெஞ்சில் எந்த மாற்றமும் தெரியவில்லை, வயிறும் அசையவில்லை. ஊசி மட்டும் சொன்னது. நான் வெளியே போய் உம்மாவிடம், "மகன் இழுக்கத் தொடங்கிட்டார் உம்மா. காத்து உள்ள போற அளவுக்கு இன்னும் பெலன் இல்ல. ஆனா இழுக்கிறார்" என்றேன். அதன் பிறகுதான் அவ அழுதா.

பிறகு முயற்சி நாளுக்கு நாள் ஏறியது. ஐந்து, பத்து, இருபது. வென்டிலேட்டரின் உதவியைக் குறைத்து, தானாக எவ்வளவு காற்று எடுக்கிறான், நிமிடத்துக்கு எத்தனை தரம் எடுக்கிறான் என்று பார்த்தோம். 1991இல் யாங், டோபின் என்ற இருவர் வெளியிட்ட எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் போகும் காற்றின் லீற்றர் அளவால் பிரிக்கவேண்டும். நிமிடத்துக்கு 20 மூச்சு, ஒவ்வொன்றும் அரை லீற்றர் என்றால் விடை 40. மெசினை விட்டு வரலாம் என்ற நம்பிக்கை தரும் கணக்கு. நிமிடத்துக்கு 36 மூச்சு, ஒவ்வொன்றும் 300 மில்லிலீற்றர்தான் என்றால் விடை 120. 105ஐத் தாண்டினால் இன்னும் காலம் வரவில்லை என்று அவர்கள் கண்டார்கள். ரியூப்பை எடுத்த பிறகும் ஒரு சோதனை உண்டு. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வோம். எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடவேண்டும். குறைந்தால் உடனே டொக்டரைக் கூப்பிட வேண்டும். கருவி எதுவும் தேவையில்லாத அளவை இது.

பேச்சு வந்ததும் அந்தப் பொடியன் என்னிடம் சொன்னது இது: "மிஸ், நீங்க இழுங்க இழுங்கண்டு சொன்னதெல்லாம் கேட்டுச்சி. நான் முதல் நாளிலருந்தே இழுத்துக்கிட்டுத்தான் கிடந்தன். மெசினுக்குத்தான் விளங்கல்ல." மூளை செத்துவிட்டது என்று வெளியே பேசியதைச் சொந்தக்காரர் வந்து உள்ளேயும் சொல்லியிருக்கிறார். அதையும் கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து, அசையாமல் கிடக்கும் எந்த நோயாளியின் தலைமாட்டிலும் நான் அவரைப் பற்றி அவருக்குக் கேட்கக்கூடாத ஒன்றைப் பேசியதில்லை. பேசவிட்டதும் இல்லை.

பாம்புக்கு அடுத்ததாக எங்கள் பிரிவுக்கு அதிகம் வந்தவர்கள் பூச்சிமருந்து நஞ்சானவர்கள். அவர்களில் இன்னொரு பாடம் இருந்தது. முதல் நாள் கண்டம் தாண்டி, கண் விழித்து, பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டார் நிம்மதியாகப் போவார்கள். ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் திடீரென்று மூச்சுத்தசை தளர்ந்துவிடும். இதை உலகத்துக்கு விளக்கியவர்கள் இலங்கை வைத்தியர்களான நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். 1987இல் அவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்த இடைநிலைத் தளர்வு மருத்துவப் புத்தகங்களில் இடம்பிடித்தது. மூச்சு நிற்பதற்கு முன் கழுத்து தளரும். அதனால் நாங்கள் ஒவ்வொரு சில மணித்தியாலத்துக்கும் போய், "தலைய ஒருக்கா தூக்குங்க" என்று கேட்போம். தலை தூக்க முடியாதவரை வாட்டில் விட்டுவைக்க மாட்டோம்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் முயற்சி குறைந்தவர்கள். முயற்சி கூடினாலும் ஆபத்து என்பதை 2021இல் கொவிட்தான் எங்களுக்கு அடித்துச் சொன்னது. ஒட்சிசன் குறைந்து, ஆனால் மூச்சுத்தசை பெலமாக இருந்த நடுத்தர வயது ஆட்கள் வந்தார்கள். கழுத்து நரம்பு புடைக்க, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போக, பேய்த்தனமாகக் காற்றை இழுப்பார்கள். வென்டிலேட்டரில் போட்ட பிறகும் அந்த இழுப்பு நிற்காது. மெசின் வெளியிலிருந்து தள்ளுகிறது, தசை உள்ளிருந்து இழுக்கிறது. ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் நுரையீரல் இரண்டு விசையையும் தாங்கவேண்டும். நோயாளியின் சொந்த முயற்சியே நுரையீரலைக் காயப்படுத்தலாம் என்று பிரோஷார், ஸ்லட்ஸ்கி, பெசென்ரி ஆகிய மூவரும் 2017இல் எச்சரித்திருந்தார்கள். கொவிட் காலத்தில் அதை நாங்கள் கட்டிலருகில் பார்த்தோம்.

அந்த இழுப்பைச் சரியாக அளக்கும் வழி, உணவுக்குழாய்க்குள் மெல்லிய பலூன் ஒன்றை இறக்கி, நெஞ்சுக்குள் இருக்கும் அமுக்கத்தைப் பார்ப்பது. மிலிக்-எமிலி என்ற ஆராய்ச்சியாளர் 1964இலேயே அதைச் செம்மைப்படுத்தினார். எங்களிடம் அந்தப் பலூன் இருக்கவில்லை. உலகத்தின் பெரும்பாலான பிரிவுகளிலும் அது அன்றாடப் பாவனையில் இல்லை. ஆனால் எண்ணெய் விரியன் கடித்தவர்களுக்கு நாங்கள் அமர்த்திய அதே பொத்தான் இருந்தது. 2019இல் பெர்ரோனி என்பவரும் அவரது குழுவினரும், அந்தப் பொத்தானை அமர்த்தும்போது அமுக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து, தசையின் விசையை மதிப்பிடலாம் என்று காட்டியிருந்தார்கள். இறங்கிய அளவில் முக்கால் பங்கு தசையின் வேலை. அமுக்கம் 10 இறங்கினால் தசை விசை ஏழரை. 28 இறங்கினால் 21. ஆறுதலாக இருக்கும் ஆளுக்கு ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் இருந்தால் போதும். 21 என்றால் அவர் நுரையீரலைக் காயப்படுத்தக்கூடிய அளவுக்கு இழுக்கிறார் என்று பொருள்.

இன்னொரு எண் பல வென்டிலேட்டர் திரைகளில் தானாகவே வரும். மூச்சிழுக்கத் தொடங்கிய முதல் பத்தில் ஒரு செக்கனில் அமுக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பது. 1975இல் மிலிக்-எமிலியும் அவரோடு வைற்லோ, டெரென் ஆகியோரும் கண்டுபிடித்த அளவை. மூளை எவ்வளவு அவசரமாக மூச்சைக் கேட்கிறது என்று அது சொல்லும். ஒன்றுக்குக் கீழே போனால் மெசின் அளவுக்கதிகமாக வேலை செய்கிறது அல்லது மயக்கமருந்து கூடிவிட்டது. நான்கை நெருங்கித் தாண்டினால் நோயாளி தத்தளிக்கிறார். ஒரு மூச்சை வைத்து முடிவெடுக்கக்கூடாது. சில மூச்சுகளைப் பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். குழாயில் காற்று ஒழுகக்கூடாது. இவ்வளவுதான். எண் கூடினால் மெசின் உதவியை மாற்றிப்பார்ப்போம், வலியையும் காய்ச்சலையும் கவனிப்போம், தேவையென்றால் டொக்டர் மயக்கமருந்தைக் கூட்டுவார். முன்பெல்லாம் நோயாளி மெசினோடு சண்டை பிடிக்கிறார் என்று சொல்லி மருந்தைக் கூட்டுவதே வழக்கம். அளக்கத் தொடங்கிய பிறகு, யாருக்கு எவ்வளவு என்று தெரிந்து கொடுத்தோம்.

அப்படியும் பலரை இழந்தோம். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியின் மஜ்மா நகர் கொவிட்டால் இறந்தவர்களின் மையவாடியானது. அதுவரை நாட்டில் எரிக்கமட்டுமே அனுமதி. புதைக்கும் உரிமைக்காக முஸ்லிம் மக்கள் ஏறக்குறைய ஒரு வருடம் போராடவேண்டியிருந்தது. அனுமதி கிடைத்ததும் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் உடல்கள் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு வந்தன. பெரும்பாலும் முஸ்லிம்கள், மற்ற மதத்தவரும் இருந்தார்கள். எல்லாமாக 3,000க்கும் மேல். எங்கள் பிரிவில் இறந்தவர்களில் பலருடைய வீட்டார் கடைசி நாட்களில் கட்டிலருகே வர முடியாமல் இருந்தவர்கள். தொலைபேசியில் எங்களிடம் அவர்கள் கேட்டதும் அந்த உம்மா கேட்ட கேள்விதான். தானாக மூச்செடுக்கிறாரா? அளந்து வைத்திருந்ததால் எங்களால் உண்மையான பதில் சொல்ல முடிந்தது. சாவிலும் ஒரு குடும்பத்துக்கு அது தேவை.

மெசினுக்கு முழுப் பாரத்தையும் கொடுத்து நோயாளியை ஓய்வாக வைத்திருப்பதும் தீர்வாகாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கும் பிரிமென்தகடுதான் மூச்சின் பிரதான தசை. 2008இல் அமெரிக்காவில் லெவீன் என்பவரும் அவரது குழுவினரும், மூளைச்சாவடைந்து உறுப்புத்தானம் செய்தவர்களில், முழுக்க மெசினே மூச்சுக்கொடுத்த 18 முதல் 69 மணித்தியாலத்துக்குள் அந்தத் தசையின் இழைகள் பாதிக்கும் மேல் சுருங்கிவிட்டதைக் கண்டார்கள். மூன்று நாளுக்குள் அவ்வளவு இழப்பு. ஆகவே, தசை வேலை செய்யவேண்டும், ஆனால் அளவோடு. அந்த அளவைக் கண்ணால் ஊகிக்க முடியாது.

எனக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். திரையில் மூச்சு எண்ணிக்கை 14 என்று இருந்தால் அதை அப்படியே தாளில் எழுதாதே மகள். நோயாளியின் வயிற்றில் கையை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணு. இளைப்பு நோய் உள்ளவர்களில் கைக்கு 24 வரும், திரைக்கு 14 வரும். மிச்சம் 10 தரம் அவர் இழுத்தது மெசினைத் திறக்காமல் வீணாகப் போயிருக்கிறது. அந்தப் பத்தும் அவர் பட்ட பாடு, எந்தப் பதிவிலும் இல்லாத பாடு. அதைக் கண்டு டொக்டரிடம் சொல்லக்கூடியவள் கட்டிலருகில் நிற்கிற தாதிதான்.

வாழைச்சேனையிலும் சுற்றுவட்டாரத்திலும் இதை வாசிக்கிறவர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. வாடியில் படுக்கிறவர்கள் தரையில் படுக்காதீர்கள். கட்டில் போட்டு, நுளம்பு வலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள். சாமத்தில் காரணம் தெரியாத வயிற்றுவலி வந்து கண்மடல் சோர்ந்தால், கடித்த தடம் தேடி நேரத்தை வீணாக்காமல் 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் ஆள் வென்டிலேட்டரில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்: அவர் தானாக இழுக்கிறாரா, எவ்வளவு இழுக்கிறார், நேற்றையைவிடக் கூடவா குறையவா? அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் என் சகோதரிகளுக்கும் தம்பிகளுக்கும் சொல்வது: அந்தப் பொத்தான் உங்கள் மெசினிலும் பெரும்பாலும் இருக்கிறது, ஒரு சதமும் செலவில்லை. டொக்டரிடம் கேட்டு ஒவ்வொரு முறையிலும் ஒரு தரமாவது அளந்து, டிக்கெட்டில் எழுதிவையுங்கள்.